பேனா எழுதவில்லையா? முதலில் விரலை வைத்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

டேப்லெட்டில் பேனா எழுதவில்லை என்று சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் பலரும் தீர்ப்பைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். "சார், டச் போயிடுச்சு. டிஸ்ப்ளே மாத்த எவ்வளவு ஆகும்?" வாங்கி, விரலால் திரையைத் தள்ளிப் பார்த்தால் எல்லாம் வழுக்கிக்கொண்டு நகர்கிறது. டச் எங்கேயும் போகவில்லை. ஆனால் பேனா எழுதவில்லை என்பதும் பொய் இல்லை.

காரணம் இதுதான். பேனாவோடு வருகிற பல டேப்லெட்டுகளில் விரலை உணர்வதற்கு ஓர் ஏற்பாடு, பேனாவை உணர்வதற்கு வேறோர் ஏற்பாடு. கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்டதும் அந்த இடத்தின் மின்னூட்டம் கொஞ்சம் மாறும். டேப்லெட் அதைக் கண்டுபிடிக்கும். இது விரலுக்கானது. சாம்சங் டேப்லெட்டுகளில் வரும் எஸ் பென்னுக்கு இந்தக் கோடுகள் தேவையே இல்லை. அதற்கென்று டிஸ்ப்ளேவுக்குப் பின்னால் தனியாக ஒரு தகடு இருக்கிறது. ஜப்பானின் வாகாம் நிறுவனத்துத் தொழில்நுட்பம் அது. அதனால்தான் கண்ணாடி விரிசல் விட்டு விரல் வேலை செய்யாத டேப்லெட்டில்கூட சில சமயம் பேனா ஜம்மென்று எழுதும்.

அந்தப் பேனாவுக்குள் எழுதுவதற்கான பேட்டரி கிடையாது. பிறகு எப்படி எழுதுகிறது? சுருதி சேர்த்த இரண்டு தம்புராக்களில் ஒன்றை மீட்டினால் பக்கத்தில் சும்மா இருக்கிற தம்புராவின் தந்தியும் லேசாக அதிரும் இல்லையா, அந்த மாதிரிதான். பின்னால் இருக்கிற தகடு ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் மின்காந்த அலையை எழுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கிற சின்னக் கம்பிச்சுருள் அதே அலைவரிசைக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. அது அந்தச் சக்தியை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. நிப்பை அழுத்தினால் அந்த எதிரொலி கொஞ்சம் மாறும், கோடு தடிக்கும்.

2018-இல் வந்த நோட் 9 போனிலிருந்து பல எஸ் பென்களில் புளூடூத் சேர்ந்தது. அதற்குச் சார்ஜ் வேண்டும். ஆனால் அது பேனாவின் பட்டனை அழுத்திப் போட்டோ எடுக்க, ஸ்லைடு மாற்ற மட்டும்தான். பேனாவில் சார்ஜ் இல்லை என்று திரை எச்சரித்தாலும் எழுத்து நிற்காது. எஸ் பென் எழுதவில்லை என்றால் சார்ஜைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? நிப்பைத் திரையில் வைக்காமல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். திரையில் ஒரு சின்னப் புள்ளி பேனாவுக்குக் கீழே ஓடி வருகிறதா? வந்தால் தகடும் உயிரோடு இருக்கிறது, பேனாவின் கம்பிச்சுருளும் உயிரோடு இருக்கிறது. தொட்டால் மட்டும் எழுதவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் நிப்பில். சில மாடல்களில் பேனாவோடு பெட்டியில் ஒரு குட்டி இடுக்கி கொடுத்திருப்பார்கள். பலர் அதைப் பெட்டியோடு பரணில் போட்டிருப்பார்கள். அந்த இடுக்கியால் நிப்பை நேராக வெளியே இழுத்துப் புது நிப்பைச் செருகுங்கள். அரை நிமிட வேலை. நிப் உள்ளே சிக்கிக்கொண்டால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: பேனா திரையைத் தொடாமலே கோடு விழும். நிப் அழுந்தியே இருப்பதாகப் பேனா நினைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

புள்ளியே வரவில்லையா? பேனா சமீபத்தில் கீழே விழுந்ததா என்று யோசித்துப் பாருங்கள். கம்பிச்சுருளுக்கு நடுவில் இருக்கிற ஃபெரைட் துண்டு பீங்கான் போல எளிதில் உடையக்கூடியது. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. உள்ளே உடைந்து சுருதி விலகியிருக்கும். சில சமயம் புள்ளி வரும், ஆனால் நிப்புக்குப் பக்கத்தில் தள்ளி வரும். இதை உறுதிசெய்ய வீட்டிலோ நண்பரிடமோ இருக்கிற இன்னொரு எஸ் பென்னை வாங்கி வைத்துப் பாருங்கள். அது எழுதினால் உங்கள் டேப்லெட்டுக்கு ஒன்றுமில்லை. புதுப் பேனா போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தப் பரிசோதனையை மடிக்கிற போன்களில் செய்துவிடாதீர்கள். 2021-இல் வந்த ஃபோல்டு 3-க்கு அலைவரிசையே வேறு. அதற்கென்று செய்த பேனாவைத் தவிர மற்றது பட்டால் மென்மையான அந்தத் திரை கெட்டுப்போகலாம் என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது.

அடுத்தது, திரையின் ஒரு பகுதியில் மட்டும் எழுதாமல் போவது. இதற்கு ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரைக்கும் சாய்வாக, நெருக்கமாகக் கோடுகள் போடுங்கள். நேர்க்கோடு வேண்டாம், சாய்வுக் கோடுதான் எந்த இடத்தில் அறுகிறது என்று சரியாகக் காட்டும். எல்லாக் கோடும் ஒரே பட்டையில் அறுந்தால் மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதற்கு முன்னால் டேப்லெட்டின் உறையைக் கழற்றிவிட்டு, அதே கோடுகளை மறுபடி போட்டுப் பாருங்கள்.

ஏன் உறை? மூடி பிடித்துக்கொள்வதற்காக உறைகளில் காந்தம் வைத்துத் தைத்திருப்பார்கள். மூடியைப் பின்பக்கமாக மடித்து எழுதும்போது அந்தக் காந்தம் சரியாகத் தகட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். அந்த இடத்தில் பேனா ஊமையாகிவிடும், அல்லது கோடு வளைந்து ஓடும். உறையைக் கழற்றினால் சொஸ்தம். டேப்லெட்டை மூடிய லேப்டாப் மேல் வைத்து எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான், லேப்டாப் மூடியிலும் காந்தம் உண்டு. ஸ்டாண்டில் ஒட்டுவதற்காக முதுகில் இரும்பு வளையம் ஒட்டியிருந்தாலும் அப்படியே. டிஸ்ப்ளே மாற்றவேண்டும் என்று வருகிறவர்களில் உறையைக் கழற்றியதும் முகம் மலர்ந்து, கொஞ்சம் வெட்கத்தோடு திரும்பிப் போனவர்கள் உண்டு. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. உறை விற்கிறவர் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

ஐபேட் வைத்திருப்பவர்கள் இதுவரை சொன்னதில் பாதியை மறந்துவிடலாம். ஆப்பிள் பென்சிலுக்குள் பேட்டரி இருக்கிறது. சார்ஜ் இல்லை என்றால் அது வெறும் குச்சி. புளூடூத் ஆனில் இருக்க வேண்டும். நுனி திருகாணி போல மாட்டியது. எழுத எழுதத் தளர்ந்துவிடும். விரலால் வலஞ்சுழியாகத் திருகி இறுக்குங்கள். "விட்டு விட்டு எழுதுகிறது" என்கிற புகாரில் முதலில் பார்க்கவேண்டியது இந்த நுனிதான்.

ஐபேடில் பெரிய குழப்பம் எந்தப் பென்சில் எதற்கு என்பது. 2015-இல் வந்த முதல் பென்சிலைச் சார்ஜ் செய்ய, மூடியைக் கழற்றி ஐபேடின் அடியில் செருக வேண்டும். 2018-இல் வந்தது பக்கவாட்டில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டே சார்ஜ் ஆகும். 2023-இல் யூஎஸ்பி-சி பென்சில் வந்தது. இதுவும் பக்கவாட்டில் ஒட்டும், ஆனால் அப்படிச் சார்ஜ் ஏறாது. கேபிள் போட வேண்டும். இரவெல்லாம் ஒட்டி வைத்தும் காலையில் எழுதவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்தப் பென்சில்காரர்கள்தான். 2024-இல் வந்த எம் 4 ஐபேட் ப்ரோவில் 2018-ஆம் ஆண்டுப் பென்சில் சேராது. இரண்டாம் கைச் சந்தையில் வாங்குமுன் உங்கள் ஐபேடின் மாடலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று வாங்கினால் அழகான குச்சி ஒன்று மிஞ்சும். முதல் பென்சிலை மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் மேசை டிராயரில் வைத்தாலும் பேட்டரி அடியோடு செத்துப்போக வாய்ப்பு உண்டு.

ஐபேடில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். "பென்சிலால் மட்டும் வரை" என்று அமைப்பில் ஒரு தேர்வு உண்டு. அது ஆனில் இருக்கும்போது பென்சிலில் சார்ஜ் தீர்ந்தால், நோட்ஸ் பக்கத்தில் பென்சிலும் எழுதாது, விரலும் எழுதாது. பார்க்கிறவருக்குத் திரையே செத்துவிட்டதாகத் தோன்றும். திரையில் தெரிகிற பட்டன்களை விரலால் அழுத்திப் பாருங்கள். அவை வேலை செய்தால் திரை நன்றாகத்தான் இருக்கிறது.

விண்டோஸ் டேப்லெட்டுகளுக்கான சில பேனாக்கள் ஒல்லியான 'நான்கு ஏ' பேட்டரியில் ஓடுகின்றன. கடையில் கேட்டால் டிவி ரிமோட்டுக்குப் போடுகிற மூன்று ஏ பேட்டரியை எடுத்துக் கொடுப்பார்கள். அது உள்ளே போகாது, திணிக்காதீர்கள்.

ரப்பர் நுனி வைத்த மலிவான பேனாக்கள் விரலுக்குப் பதிலாள், அவ்வளவே. ரப்பர் தேய்ந்தாலோ மேலே தடித்த டெம்பர் கிளாஸ் ஒட்டினாலோ அவை எழுதாது. விரலே திணறுகிற இடத்தில் அவை மட்டும் என்ன செய்யும்?

அப்புறம், சார்ஜர். சார்ஜ் ஏறும்போது மட்டும் கோடு நடுங்குகிறதா, தானாகப் புள்ளிகள் விழுகின்றனவா? டேப்லெட்டின் உலோக முதுகைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஓர் உணர்வு வருகிறதா? மலிவான சார்ஜர்களில் மின்சாரம் சுத்தமாக வடிகட்டப்படாமல் கசிகிறது. திரைக்கு உங்கள் தொடுதல் எது, இந்த இரைச்சல் எது என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. சார்ஜரைப் பிடுங்குங்கள். கோடு நேரானால் குற்றவாளி பிடிபட்டான். டியூஷன் எடுக்கிறவர்கள் சார்ஜில் போட்டபடியே மணிக்கணக்கில் எழுதுவதால் இந்தத் தொல்லை அவர்களுக்குத்தான் அதிகம்.

இத்தனைக்கும் பிறகு, கட்டாய ரீஸ்டார்ட் ஒன்று பாக்கி. சாம்சங்கில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கிற பட்டனையும் சேர்த்து, திரை அணைந்து மறுபடி வரும்வரை பிடியுங்கள். ஹோம் பட்டன் இல்லாத ஐபேடில் வால்யூம் பட்டன்கள் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, மேல் பட்டனை ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடியுங்கள். ஒரே ஒரு செயலியில் மட்டும் எழுதவில்லை என்றால் அந்தச் செயலியை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் போதும். ஆனால் நீக்குமுன் அதில் இருக்கிற நோட்ஸை வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். டேப்லெட்டுக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் ஒரு வருடப் பாடக்குறிப்புப் போய்விடும்.

டிஸ்ப்ளே மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "இந்தக் காம்போவில் பேனா எழுதுமா?" டிஸ்ப்ளேவும் டச்சும் ஒட்டியே வருகிற தொகுப்பைத்தான் காம்போ என்கிறார்கள். எஸ் பென்னுக்கான தகடு இல்லாத காம்போக்களும் சந்தையில் உண்டு. அப்படியானால் பழைய தகட்டைப் பிரித்து மாற்றி ஒட்ட வேண்டும். அதன் ரிப்பன் கேபிளை மாட்டாமல் விட்டாலும் விரல் வேலை செய்யும், படம் தெரியும், பேனா மட்டும் எழுதாது. அதனால் பேனாவையும் கையோடு கொண்டுபோய், எழுதிப் பார்த்தபிறகே பணம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. திரை ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு, நடுவில் பேனா சரியாக எழுதவில்லை என்றால், பேனாவை மறந்துவிடுங்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். திரையை அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், நீங்களே திறக்கவும் வேண்டாம். அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். பையில் புத்தகங்களுக்கு நடுவே நெருக்கி வைக்காமல், தனியாக, கையில்.

நன்றி, வணக்கம்.