கவசத்தின் முடிச்சை யார் போடுகிறார்கள்?

அனைவருக்கும் வணக்கம்.

இடைக்கால ஐரோப்பாவைக் களமாக வைத்து, வாளெடுத்த பெண்ணை நாயகியாக்கி எழுதப்படும் காதல் நாவல்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இவற்றைப் படிக்கிறவர்கள் ஏராளம். எழுதவும் பலர் கிளம்பியிருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறவர்களுக்குக் கைகொடுக்கிற மாதிரி பேசிவிடுகிறேன். வாசகர்களுக்கும் ஒரு லாபம் உண்டு: அடுத்த நாவலைப் பிரிக்கும்போது எழுத்தாளர் எங்கே ஏமாற்றுகிறார் என்று பிடிபட்டுவிடும்.

அடிக்கடி வருகிற ஒரு காட்சியிலிருந்து தொடங்குவோம். நள்ளிரவில் கொம்பு ஊதுகிறது. எதிரி கோட்டை வாசலுக்கு வந்துவிட்டான். நாயகி படுக்கையைவிட்டுத் துள்ளி எழுகிறாள். அடுத்த வரியில் பார்த்தால் உச்சி முதல் உள்ளங்கால் வரை இரும்பு, கீழே குதிரை. இந்த இரண்டு வரிக்கு நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் தொலைந்துபோயிருக்கிறது. கூடவே ஓர் ஆளும் தொலைந்திருக்கிறார். முழுத் தகட்டுக் கவசத்தை ஒற்றை ஆளாக ஒழுங்காகப் பூட்டிக்கொள்வது நடக்காத காரியம். தோளுக்குப் பின்னால் வருகிற முடிச்சுக்கும் முதுகில் இறுக்கும் வாருக்கும் இன்னொருவர் கை வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: அந்தக் கை யாருடையது என்று முதலில் முடிவு செய்யுங்கள். காதல் கதை அங்கேதான் இருக்கிறது. நிலா வெளிச்சத்திலும் ரோஜாத் தோட்டத்திலும் தேட வேண்டாம்.

நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஓர் ஆங்கிலக் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. தரையில் நின்று சண்டையிடப் போகிறவனுக்கு வசதியாகக் கவசம் பூட்டுவது எப்படி என்று, சமையல் குறிப்பு மாதிரி வரிசையாகச் சொல்கிறது. உள்ளே சட்டை கூடாது. ஃபஸ்டியன் என்ற தடித்த துணியில் தைத்து, உட்புறம் சாட்டின் வைத்த உடுப்பு, அதில் நிறைய ஓட்டைகள். அக்குளும் முழங்கை மடிப்பும் தகட்டுக்கு அடங்காத இடங்கள். அங்கே இரும்பு வளையங்களைக் கோத்த துண்டுகளை அந்த உடுப்பிலேயே தைத்துவிட வேண்டும். காலுக்குக் கம்பளி நூல் காலுறை. முழங்காலைச் சுற்றி மெல்லிய கம்பளித் துண்டு ஒன்று, தகடு உரசிப் புண்ணாகாமல் இருக்க. அடுத்தது கயிறு. குறுக்குவில் நாணுக்குத் திரிக்கிற நூலில் அதைத் திரித்து, செருப்புத் தைக்கிறவர்களின் மெழுகைத் தேய்க்கச் சொல்கிறது. அப்போதுதான் நீளாது, அறாது.

பூட்டுவது பாதத்திலிருந்து தொடங்குகிறது. பாதத்தகட்டைச் செருப்போடு கட்டு. பிறகு கெண்டைக்கால், பிறகு தொடை, பிறகு இடுப்புக்கான வளையச் சங்கிலி. அதற்கு மேல்தான் மார்புத் தகடு. முன்கை, மேல்கை, கையுறை. வலப்பக்கம் குத்துவாள். இடப்பக்கம் ஒரு வளையத்தில் சின்ன வாள், சட்டென்று உருவ வசதியாக உறையில்லாமல். மேலங்கி. கடைசியில் தலைக்கவசம், முன்னால் மார்போடு பிணைத்து, பின்னால் முதுகில் இரட்டைக் கொக்கி.

இந்த வரிசையை ஒரு நாவலாசிரியர் எப்படிப் படிக்க வேண்டும்? வேலை பாதத்தில் தொடங்குவதால் உதவுகிறவர் முதலில் மண்டியிட வேண்டும். ஒருவன் ஒரு பெண்ணின் காலடியில் மண்டியிட்டிருக்கிறான். காதலைச் சொல்ல அல்ல, கயிறு கட்ட. கையுறை ஏறிய பிறகு அவளால் ஒரு முடிச்சும் போட முடியாது, அவிழ்க்கவும் முடியாது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அடுத்தவர் பொறுப்பு. அக்குள் கயிறு தளர்வாக இருந்தால் கையை உயர்த்தும்போது தகடு சரிந்து இடைவெளி திறக்கும். இறுக்கமாக இருந்தால் கை பாதிதான் எழும். கட்டுகிறவருக்கு அவள் கை எவ்வளவு உயரம் போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவளைக் கொல்ல நினைக்கிறவனுக்கு விஷம் தேவையில்லை; மெழுகு தேய்க்காத ஒரு கயிறு போதும். சதிக்கும் காதலுக்கும் ஒரே இடம்.

எடை விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. சிலர் கவசம் போட்டவரைக் கயிற்றில் தூக்கிக் குதிரையில் வைக்கிறார்கள். அது வெறும் கட்டுக்கதை. 15ஆம் நூற்றாண்டு முழுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. உடம்பு முழுக்கப் பரவியிருப்பதால் ஓடலாம், விழுந்து எழலாம், தானே குதிரை ஏறலாம். இன்னொரு கூட்டம் அதைப் பருத்திச் சேலை மாதிரி நினைத்து நாள் முழுக்கச் சண்டை போட வைக்கிறது. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் காலக் கவசத்தின் நகல்களை ஆட்களுக்கு மாட்டி, டிரெட்மில்லில் நடக்கவிட்டு அளந்தார்கள். நடக்கச் செலவாகும் சக்தி இரண்டு மடங்கைத் தாண்டியது. முக்கியமான காரணம் கால் தகடு: ஒவ்வொரு அடிக்கும் அந்த இரும்பையும் வீசித் தூக்க வேண்டும். மார்புத் தகடு நெஞ்சு விரிவதையும் தடுப்பதால் மூச்சு மேலோட்டமாகிவிடும். உங்கள் நாயகி தோற்க வேண்டுமென்றால் வில்லனை வலுவானவனாக்க வேண்டியதில்லை. அவளை ஈரமான உழுநிலத்தில் ஏற்றம் ஏறவிட்டாலே போதும்.

நூற்றாண்டைத் தேர்ந்தெடுப்பதும் இங்கேதான் வருகிறது. 12, 13ஆம் நூற்றாண்டு என்றால் பெரும்பாலும் தகடு கிடையாது, வளையக் கவசம். ஆயிரக்கணக்கான சிறு வளையங்களை ஒன்றோடொன்று கோத்து ஆணியடித்து மூடிய அங்கி, சுமார் 10 முதல் 14 கிலோ. அடியில் அடுக்கித் தைத்த மெத்தை அங்கி கட்டாயம். அது இல்லாவிட்டால் வெட்டு உள்ளே வராது, ஆனால் எலும்பு முறியும். எடை முழுக்கத் தோளில் தொங்கும். இடுப்பில் வார் கட்டி, அங்கியைச் சற்று மேலே இழுத்துவிட்டால் பாரத்தில் ஒரு பகுதி இடுப்புக்கு இறங்கும். தெரிந்தவர்கள் முதலில் செய்கிற வேலை அது. இதைத் தனியாகவே அணியலாம். கழற்ற, தலைகீழாகக் குனிந்து உலுக்கினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். தலைமுடியைக் கட்டி மூடாவிட்டால் வளையங்கள் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டுதான் போகும். ஆக, தனிமையான நாயகி வேண்டுமானால் 1200ஐ எடுங்கள். இன்னொருவர் இல்லாமல் நகர முடியாத நாயகி வேண்டுமானால் 1450.

அட்டைப்படத்தில் வருகிற, மார்பு வடிவத்தில் இரண்டு குமிழ் வைத்து அடித்த தகட்டைத் தயவுசெய்து கதைக்குள் கொண்டுவராதீர்கள். வழுக்கி வெளியே போக வேண்டிய ஈட்டிமுனையை நடு நெஞ்செலும்புக்கு வழிகாட்டும் வாய்க்கால் அது. 15ஆம் நூற்றாண்டு மார்புத் தகடே முன்னால் உப்பி, இடையில் ஒடுங்கித்தான் இருக்கும். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று வெளியே தெரியாது. மாறுவேடக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்து ஆயுதம். பெண் என்றதும் கையில் வில்லைக் கொடுத்துவிடுகிறார்கள், அது மென்மையான ஆயுதம் என்ற நினைப்பில். நேர்மாறு. ஒரு கை வாள் 1 கிலோவுக்குச் சற்று மேல். இரு கை நீள்வாளே ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான். 1545இல் மூழ்கி, 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நீள்விற்களை ஆராய்ந்தவர்கள் சொல்வது: பெரும்பாலானவற்றை முழுக்க இழுக்க 45 கிலோவுக்கும் மேல் விசை வேண்டும். சிறுவயதிலிருந்து பழகிய முதுகுக்கு மட்டுமே அது வளையும். பதினெட்டு வயதில் முதன்முதலாகக் கையில் எடுத்தவர், ஆணோ பெண்ணோ, மூன்றாம் அத்தியாயத்தில் போர்வில்லை இழுக்க மாட்டார். உங்கள் நாயகிக்கு வாளும் கையகலக் கேடயமும் கொடுங்கள். ஐரோப்பாவில் இன்று கிடைக்கிற ஆகப் பழைய வாள்பயிற்சி நூல், 1300ஐ ஒட்டி ஜெர்மானிய நிலத்தில் எழுதப்பட்டது, அந்த ஜோடி ஆயுதத்தைத்தான் படம் போட்டுக் கற்றுத்தருகிறது. ஆசிரியர் ஒரு பாதிரியார். கடைசிப் பக்கங்களில் அவரோடு பயிற்சி செய்கிறவள் ஒரு பெண், பெயர் வால்புர்கிஸ். படத்தில் அவள் நீண்ட உடையோடுதான் நிற்கிறாள். அவள் யார், ஏன் அங்கே வந்தாள் என்று நூல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாவல் எழுத இதைவிடப் பெரிய அழைப்பு வேறில்லை!

வாள் தகட்டை வெட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிரி கவசத்தில் இருந்தால் இடது கையால் வாளின் நடு அலகைப் பிடித்து, அதைக் குட்டை ஈட்டியாக்கி, அக்குளிலோ முகமூடித் துளையிலோ குத்த வேண்டும். பெரும்பாலும் மல்யுத்தத்தில்தான் முடியும்.

உண்மையில் போர் நடத்திய பெண்களைப் பார்த்தால் வேறொன்று தெரியும். அவர்களின் பெருமை வாள்வீச்சில் இல்லை, கோட்டையைக் காத்ததில் இருக்கிறது. நிக்கோலா டி லா ஹே, இங்கிலாந்தில் லிங்கன் நகரக் கோட்டையின் பரம்பரைக் காவலர். 1191இல் கணவர் அங்கே இல்லாதபோது சுமார் நாற்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். 1216இல் ஜான் மன்னர் வந்தபோது, வயதாகிவிட்டது என்று சாவியை நீட்டினார், மன்னர் வாங்கிக்கொள்ளவில்லை. சாவதற்குச் சற்று முன் அந்த மன்னரே அவரை மாவட்டத்துக்கு ஷெரீஃப், அதாவது மன்னரின் நிர்வாக அதிகாரி, ஆக்கினார். மறுபடி முற்றுகை வந்தது; 1217 மே 20இல் மன்னர் தரப்புத் தளபதி வில்லியம் மார்ஷல் படையோடு வந்து சேரும்வரை கோட்டை விழவில்லை. அப்போது நிக்கோலாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இந்தக் காதல் நாவல்களில் அறுபது வயது நாயகி ஏன் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

இன்றைய பிரான்ஸின் வடமேற்கில் உள்ள பிரித்தானியில் (Brittany) ஃபிளாண்டர்ஸின் ஜோவானா, 1342இல் ஹென்னெபோன் ஊர் முற்றுகையில், தானும் கவசம் அணிந்து குதிரையில் தெருத்தெருவாகச் சுற்றினார் என்று அந்த நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஃப்ருவாசார் எழுதுகிறார். ஊர்ப் பெண்களிடம் அவர் சொன்ன முதல் வேலை: பாவாடையை வெட்டிக் குட்டையாக்குங்கள். பிறகுதான் மதிலுக்குக் கல் சுமப்பது, எதிரிமேல் கொட்டச் சுண்ணாம்புப் பானை தூக்குவது. கல் சுமந்து படியேறுகிறவளின் காலில் எது சிக்கும் என்று தெரிந்தவர் கொடுக்கிற கட்டளை அது. பிறகு சுமார் முந்நூறு குதிரை வீரரோடு வெளியே போய் எதிரியின் கூடாரங்களைக் கொளுத்தினார்.

உங்கள் நாயகி ஏன் கவசம் பூட்டினாள் என்பதற்குச் சட்டத்தில் காரணம் தேடுங்கள். பழிவாங்கல் ஒன்றே போதாது. தந்தையை இழந்த வாரிசுப் பெண்ணுக்கு யாரை மணமுடிப்பது என்ற உரிமை, அந்தக் குடும்பத்துக்கு நிலம் கொடுத்த பிரபுவின் கையில். அதை அவர் விற்கலாம். விதவை விரும்பாவிட்டால் மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1215 ஜூனில் இங்கிலாந்தின் உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டாவின் எட்டாம் பிரிவில் எழுத வேண்டி வந்தது என்றால், அதுவரை என்ன நடந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதை ஒன்று, 'சைலன்ஸ்' என்ற பெண்ணின் கதை, இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது: பெண்ணுக்கு வாரிசுரிமை இல்லை என்று மன்னன் அறிவிக்கிறான், பெற்றோர் மகளை மகனாக வளர்க்கிறார்கள், அவள் பெரிய வீரனாகிறாள். 6,706 அடிகள். நாட்டிங்ஹாம் அருகே ஒரு மாளிகையில் 'பழைய காகிதங்கள், மதிப்பில்லை' என்று எழுதிய பெட்டியிலிருந்து 1911இல் கிடைத்தது. முடிவில் அந்த மன்னனே அவளை மணந்துகொள்கிறான். அதைப் படித்துவிட்டு எரிச்சல்படாதவர் யாராவது உண்டா?

திருச்சபைச் சட்டமோ காதலுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. மூன்றாம் அலெக்சாண்டர் போப்பின் காலத்திலிருந்து, 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, திருமணத்துக்குப் பாதிரியாரோ சாட்சியோ தேவையில்லை. இருவரின் சம்மதச் சொல் போதும். ஆனால் வினையின் காலம் முக்கியம். 'உன்னைக் கணவனாக ஏற்கிறேன்' என்றால் அந்த நொடியே திருமணம். 'ஏற்பேன்' என்றால் நிச்சயதார்த்தம் மட்டும். பிறகு உடலுறவு நடந்தால் அதுவும் திருமணமாகிவிடும். 1215 நவம்பரில் ரோமில் கூடிய திருச்சபைப் பேரவையான லேட்டரன் சங்கம், முன்கூட்டியே ஊரறிய அறிவிக்க வேண்டும் என்றது. அறிவிக்காமல் செய்தால் தண்டனை உண்டு, ஆனால் திருமணம் செல்லும். கவசம் கட்டுகிறவன் கடைசி முடிச்சைப் போடும்போது அவள் நிகழ்காலத்தில் ஒரு வாக்கியம் சொன்னால், மாலையில் அவள் கோட்டை யாருடையது என்பதே மாறிவிடும். களவியல் படித்தவர்களுக்கு இந்த ருசி தெரியும்.

கடைசியாக, கழற்றுவது. எழுதுகிறவர்கள் இதை மறந்தேவிடுகிறார்கள், அல்லது ஒரே வரியில் கவசத்தைத் தரையில் உதிர்க்கிறார்கள். ஜோன் ஆஃப் ஆர்க்கின் காலுறை மேலுடுப்போடு இருபது கயிறுகளால் பிணைக்கப்பட்டிருந்தது என்று அவருக்கு எதிரான குற்றச்சாட்டிலேயே எண்ணி எழுதினார்கள். இருபது முடிச்சு என்பது காவலர்கள் நடுவே தூங்க வேண்டிய ஒரு பெண்ணுக்குத் தாழ்ப்பாள். போரிலிருந்து திரும்புகிறவளுக்கு இத்தனையும் வியர்வையிலும் மழையிலும் இறுகியிருக்கும். விரல் நகத்துக்கு அசையாது. கத்தியால் அறுத்துவிடலாம், ஒரு நிமிட வேலை. உங்கள் நாயகன் அவசரப்பட்டு அறுப்பவனா, ஊசிமுனையை விட்டு ஒவ்வொன்றாக நெம்பி அவிழ்ப்பவனா? பதில் சொல்லுமுன் ஒன்றை நினைவில் வையுங்கள்: எதிரி இன்னும் மதிலுக்கு வெளியேதான் இருக்கிறான், நாளைக் காலையில் அதே கயிறுகளைத்தான் மறுபடி கட்ட வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.