கரையேறிய படகு

எல்லோருக்கும் வணக்கம். நான் இணையத்தில் பின்தொடர்ந்த முதல் பாய்மரப் படகு, புறப்பட்ட அன்றைக்கே கரையேறிவிட்டது. துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். தீவின் மேல் ஏறி, மேட்டையெல்லாம் தாண்டி, அந்தப் பக்கம் கடலில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதில் என் நண்பன் இருந்தான், கூட இன்னும் மூன்று பேர். கனாரித் தீவுகளில் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து, கரீபியனில் செயிண்ட் லூசியா போய்ச் சேர வேண்டும். சுமார் 2,700 கடல்மைல். கிளம்பும் முன் ஒரு சுட்டியை அனுப்பி, "இதைத் திறந்தா நாங்க எங்க இருக்கோம்னு தெரியும், அம்மாவுக்கும் காட்டு" என்றான். அன்று ராத்திரி திறந்து பார்க்கிறேன்: துறைமுகத்தில் ஒரு புள்ளி, தீவுக்குத் தெற்கே கடலில் ஒரு புள்ளி, இரண்டையும் இணைத்து கிரான் கனாரியா தீவின் குறுக்கே நேராக ஒரு கோடு.

படித்தவன்தான், இருந்தாலும் ஒரு நிமிஷம் பதறிவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. பெட்டி ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் இடத்தைச் சொல்கிறது. மணிக்கு ஆறு கடல்மைல், அதாவது ஆறு நாட் வேகத்தில் போகிற படகு அந்த இடைவெளியில் 36 கடல்மைல், கிட்டத்தட்ட 67 கிலோமீட்டர் போயிருக்கும். தீவைச் சுற்றிக்கொண்டு ஒழுங்காகத்தான் போயிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு அந்தச் சுற்று தெரியாது, கிடைத்த இரண்டு புள்ளியையும் ஸ்கேல் வைத்து இணைத்துவிட்டது. புள்ளிதான் படகு சொன்னது, கோடு நாம் போட்டுக்கொண்டது. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

பெட்டி என்று சொன்னேனே, அது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். படகின் பின்பக்கம் கம்பியில் கட்டியிருப்பார்கள். ஜிபிஎஸ்ஸிலிருந்து தன் இடத்தைத் தெரிந்துகொண்டு, அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை எல்லாவற்றையும் ஒரு குறுஞ்செய்தியை விடச் சின்னதாக மடித்து மேலே அனுப்பும். பல பெட்டிகள் பேசுவது இரிடியம் செயற்கைக்கோள்களோடு. 66 செயற்கைக்கோள்கள், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்கள் வழியாகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும், அதனால் படகு எந்தக் கடலில் இருந்தாலும் சேதி எப்படியோ கீழே வந்து சேர்ந்துவிடும். வேறு சில கட்டமைப்புகளில், படகுக்கு மேலே இருக்கிற செயற்கைக்கோள் அதே நேரத்தில் தரைநிலையம் ஒன்றையும் பார்க்க வேண்டும். நடுக்கடலில் அது எல்லா நேரமும் அமையாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கப்பல்களைக் காட்டும் வரைபடத்தில் தேடிவிட்டு, "படகைக் காணோம், நாலு நாளாக அசைவே இல்லை" என்று அலறுகிறவர்கள் உண்டு. அது ஏஐஎஸ் என்கிற வேறு ஏற்பாடு. கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, வானொலி அலையில் தன் பெயரையும் இடத்தையும் கத்திக்கொண்டே போவது. சர்வதேசப் பயணத்தில் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குக் கட்டாயம். கரையில் இருக்கிற கருவிக்கு அந்தக் குரல் சுமார் 20, 40 கடல்மைல் வரைதான் கேட்கும். அதற்கப்பால் செயற்கைக்கோள் கேட்டால் உண்டு, பாய்மரப் படகில் இருக்கிற சின்னக் கருவியின் மெலிந்த குரல் அதற்கும் பல சமயம் எட்டாது. ஆகவே கப்பல் வரைபடத்தில் படகு காணாமல் போவது கரையை விட்டு விலகிவிட்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 1968-ல் பிரிட்டனில் ஒரு பந்தயம் அறிவித்தார்கள்: தனி ஆளாக, எங்கும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வர வேண்டும். ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான், 1969 ஏப்ரல் 22-ல் திரும்பி வந்தார். அவருடைய வானொலி பழுதாகிவிட்டதால் நியூசிலாந்தைத் தாண்டிய பிறகு மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் எப்படித் தூங்கினார்களோ!

அதே பந்தயத்தில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்று ஒருவர். படகு சரியாகத் தயாராகாமலே கடைசி நாளில் கிளம்பினார். தென்கடலுக்குள் போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று தெரிந்தது, திரும்பிப் போனால் கடனில் மூழ்க வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக வானொலியில் பொய் இடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே நாளில் 243 மைல் போனேன் என்றும் சொன்னார், பத்திரிகைகள் கொண்டாடின. நடுவில் அர்ஜென்டினாவில் கரையிறங்கிப் படகைப் பழுதுகூடப் பார்த்துக்கொண்டார், ஒருத்தருக்கும் தெரியவில்லை. இன்னொரு போட்டியாளர் நைஜல் டெட்லி, குரோஹர்ஸ்ட் பின்னாலேயே வந்துவிட்டார் என்று நம்பி, ஏற்கெனவே அடிபட்டிருந்த தன் படகை விரட்டி ஓட்டினார். கரை கிட்டே வந்தாகிவிட்டது, அசோர்ஸ் தீவுகள் அருகே படகு உடைந்து மூழ்கியது. டெட்லியைக் காப்பாற்றிவிட்டார்கள். குரோஹர்ஸ்ட்டின் படகை 1969 ஜூலை 10-ல் ஒரு கப்பல் கண்டெடுத்தது. உள்ளே ஆள் இல்லை, பயணக் குறிப்பேடுகள் மட்டும் இருந்தன. பொய்யான ஒரு புள்ளி, இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொன்ன ஒரு புள்ளி, இன்னொருவர் படகை மூழ்கடித்திருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மேலே இடத்தைச் சொல்லும் ஒரு பெட்டி அந்தப் படகில் இருந்திருந்தால், முதல் மாதமே குட்டு உடைந்து, அவமானத்தோடு போயிருக்கும். அவமானம்தானே, ஆள் வீட்டுக்கு வந்திருப்பார்.

இப்போது நாம் புள்ளியைப் பார்க்கிற விதத்துக்கு வருகிறேன். பந்தய வரைபடத்தில் முதலில் இருக்கிற படகு முதலில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். சேருமிடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள், கணக்குக்குக் காற்று எங்கே அடிக்கிறது என்று தெரியாது. அட்லாண்டிக்கைக் கடப்பவர்களிடம் ஒரு பழைய சொல் இருக்கிறது, வெண்ணெய் உருகும் வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு என்று. தெற்கே போனால்தான் நிலையான வணிகக் காற்று கிடைக்கும். என் நண்பன் படகு அப்படித்தான் போனது. முதல் வாரம் பார்த்தால் செயிண்ட் லூசியாவை விட்டுவிட்டு வேறெங்கோ போகிற மாதிரி இருக்கும். வரைபடமும் நம்மை ஏமாற்றும். தட்டை வரைபடத்தில் துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிடும். 60 டிகிரி தெற்கில் ஒரு டிகிரி தீர்க்கரேகையின் அகலம் நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான். தெற்கே ரொம்பக் கீழே இறங்கி வளைந்து போகிற படகைப் பார்த்து ஊரைச் சுற்றுகிறான் என்பீர்கள், அவன் குறுக்கு வழியில் போய்க்கொண்டிருப்பான்.

முடிவுகூட வரைபடத்தில் தெரியாமல் போகலாம். தனி ஆளாக உலகைச் சுற்றும் வென்டே குளோப் பந்தயம் 2020-ல் தொடங்கியபோது, அதில் கெவின் எஸ்கோஃபியேயின் படகு இரண்டாக உடைந்தது, அவரைத் தேடப் போன வீரர்களுக்கு நேரச் சலுகை கொடுத்தார்கள். 2021 ஜனவரி 27 இரவு முதலில் முடிவுக்கோட்டைத் தாண்டியவர் சார்லி டாலின். ஜெயித்தவர் யானிக் பெஸ்தாவென், மூன்றாவதாக வந்து, 10 மணி 15 நிமிடச் சலுகையால். அதே இரவு, தானும் சலுகை பெற்று வெற்றிக்குப் பக்கத்தில் இருந்த போரிஸ் ஹெர்மன், கரைக்கு 90 மைல் இருக்கும்போது ஒரு மீன்பிடிக் கப்பலில் மோதினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்தது வேகம் என்கிற ஓர் எண் சட்டென்று இறங்கியது மட்டும்தான். உலகத்தையே சுற்றிவிட்டு வாசலில் தடுக்கி விழுந்தது அந்த எண்ணில் எங்கே தெரியும்?

சில சமயம் வேகம் விழுவது நல்ல மாலுமியின் வேலையாகவும் இருக்கும். புயல் வந்தால் பாயைக் குறுக்கி, சுக்கானைக் கட்டிப் போட்டு, படகைக் கிட்டத்தட்ட நிற்க வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். திரையில் ஒன்றரை நாட் வேகத்தில், பக்கவாட்டில் நகர்கிற புள்ளி. பாய்மரம் முறிந்த படகின் புள்ளியும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்!

2018 செப்டம்பர் 21 நினைவிருக்கிறதா? 1968 பந்தயத்தின் ஐம்பதாவது ஆண்டுக்காக நடந்த கோல்டன் குளோப் பந்தயம். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 'துரியா' என்ற படகில், தென் இந்தியப் பெருங்கடலில், பெர்த்துக்கு மேற்கே சுமார் 1,900 கடல்மைல் தூரத்தில். புயலில் படகு உருண்டது. அவர் அனுப்பிய செய்தி நாலே நாலு துண்டு: உருண்டேன், பாய்மரம் போயிற்று, முதுகில் பலத்த காயம், எழ முடியவில்லை. அதற்கப்புறம் அந்தப் புள்ளி மூன்று நாள் காற்றும் நீரோட்டமும் தள்ளிய பக்கம் நகர்ந்தது. நான் அந்த நாட்களில் போனைக் கீழே வைக்கவில்லை. இந்தியக் கடற்படை விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து படகைக் கண்டது. அதே புயலில் தன் பாய்மரத்தையும் இழந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கின், தற்காலிகமாக ஒரு மரத்தை நட்டு, அந்தப் பக்கம் படகைத் திருப்பினார். ஒரு புள்ளி இன்னொரு புள்ளியை நோக்கி அங்குலம் அங்குலமாக ஊர்கிறது. 24-ம் தேதி பிரெஞ்சு ரோந்துக் கப்பல் ஒசிரிஸ் போய் டோமியைத் தூக்கியது.

அந்தப் பந்தயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்து இடத்தைக் கணக்கிட உதவும் செக்ஸ்டன்ட் கருவியும் காகித வரைபடமும் வைத்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும், ஜிபிஎஸ் சீல் வைத்த பையில். அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற பெட்டி அவர்கள் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்கிறது, அவர்களுக்குச் சொல்வதில்லை. 2022-ல் தொடங்கிய பந்தயத்தில் கிர்ஸ்டன் நோய்ஷாஃபர் 235 நாள் ஓட்டி, 2023 ஏப்ரல் 27-ல் முதலாவதாக வந்தார். தான்தான் முதல் என்பது கரைக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். எனக்கு அது வாரக்கணக்காகத் தெரியும்! இரண்டாவது யார் என்றால், அதே அபிலாஷ் டோமி.

புள்ளி நின்றுபோவதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். நண்பன் கிளம்பிய பதினொன்றாம் நாள் புள்ளி வரவில்லை. ஆறு மணி நேரம், பன்னிரண்டு, பதினெட்டு. அவன் அம்மா போன் செய்தார்கள். "ஏம்ப்பா, நேத்து இருந்த எடத்துலயே இருக்குது?" அம்மா, அது அங்கே இல்லை, அங்கே இருந்ததாகக் கடைசியாகச் சொன்னது, என்று விளக்கினேன். எனக்கே அது ஆறுதலாக இல்லை. "அப்ப இப்ப எங்கப்பா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. காற்று வரைபடத்தை மேலே போட்டுப் பார்த்தேன், அந்தப் பக்கம் புயல் எதுவும் இல்லை, காற்று பதினைந்து நாட், பின்னாலிருந்து. அதை மட்டும் சொன்னேன். முப்பத்தொன்றாவது மணி நேரத்தில் புள்ளி வந்தது, 180 மைல் தள்ளி, சரியான இடத்தில். விஷயம் என்னவென்றால், ஈரமான பாயைச் சுருட்டிப் பெட்டியின் மேல் போட்டுவிட்டார்கள். பெட்டிக்கு வானம் தெரியவில்லை.

மௌனம் பெரும்பாலும் இப்படித்தான். பேட்டரி, ஒயர், ஈரத் துணி. எப்போதும் அப்படித்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1997 ஜனவரியில் வென்டே குளோப்பில் ஜெரி ரூஃப் என்ற வீரரின் ஆர்கோஸ் கருவி (அந்தக் காலத்து இடம் சொல்லும் பெட்டி) பசிபிக்கின் தெற்கே மௌனமானது, ஆறு மாதம் கழித்து சிலி நாட்டுக் கரைக்கப்பால் படகின் உடைந்த பகுதி கிடைத்தது, அவர் கிடைக்கவே இல்லை. இரண்டு மௌனமும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: எத்தனை மணி நேரம் வராவிட்டால் கவலைப்படலாம், யாரைக் கூப்பிடுவது, அவர்கள் படகில் 406 மெகாஹெர்ட்ஸ் அபாய ஒலிபரப்பி இருக்கிறதா, அதன் பதிவில் கரையில் யாருடைய எண் இருக்கிறது. ஆபத்தைச் சொல்வது அந்தக் கருவியின் வேலை, மீட்பு மையங்கள் காது கொடுப்பது அதற்குத்தான். நம் வரைபடப் புள்ளி நின்றுவிட்டது என்று முன்பின் தெரியாத ஒருவர் மீட்பு மையத்துக்குப் போன் போடுவது உதவி அல்ல, சில சமயம் உபத்திரவம்.

நண்பன் இருபத்திரண்டாம் நாள் செயிண்ட் லூசியாவின் வடக்கே ரோட்னி விரிகுடாவில் போய்ச் சேர்ந்தான். புள்ளி துறைமுகத்துக்குள் அடங்கி உட்கார்ந்தது, அம்மாவிடம் போனைக் காட்டினேன், பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து பழக்கதோஷத்தில் திறந்தால், படகு மறுபடியும் கரையேறியிருக்கிறது. வடக்கே ஒரு புள்ளி, தீவின் தெற்கு முனையில் ஒரு புள்ளி, நடுவில் மலைகளின் மேலே நேராக ஒரு கோடு. எனக்குத்தான் இப்போது விஷயம் தெரியுமே, தீவைச் சுற்றிப் போயிருப்பான், இன்னும் கொஞ்சம் ஊர் பார்க்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். அப்புறம் புள்ளியைப் பெரிதாக்கினேன். விமான நிலையம். பெட்டியைக் கழற்றி, அணைக்க மறந்து, பைக்குள் போட்டுக்கொண்டு ரோட்டில் போயிருக்கிறான்.

"டேய், பெட்டிய அணைடா" என்று செய்தி அனுப்பினேன். அவன் அதைப் பார்த்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.