இமோய்னு: அடுப்படியும் அங்காடியும்

அவையோர்க்கு வணக்கம். மணிப்பூர் என்றாலே இன்று கலவரச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. நான் அந்த மண்ணின் அடுப்படியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மணிப்பூரின் மெய்தெய் இன மக்களின் பழைய வீட்டுக்கு வாசல் கிழக்கே இருக்கும். தென்மேற்கு மூலை சனாமஹி தெய்வத்துக்கு. வடபுறத்தில் அவருடைய தாய் லைமரேல் சிதபி. நடுவீட்டில் புங்கா என்னும் அடுப்பு. அங்கே குடியிருப்பவள் இமோய்னு என்னும் பெண் தெய்வம். லைமரேலின் இன்னொரு வடிவமே இவள் என்பாரும் உண்டு. செல்வம் தருபவள்தான், ஆனால் சோற்றை வீணாக்கும் வீட்டில் தங்கமாட்டாளாம். நம்மில் எத்தனை வீடு தேறும் என்று தெரியவில்லை!

மார்கழி, தையை ஒட்டி வரும் வாக்சிங் மாதத்தின் 12ஆம் நாள் அவளுக்குத் திருநாள். அன்று மாலை அடுப்படியைத் துப்புரவாக்கி, விளக்கேற்றி, சோறும் கறிவகைகளும் மீனும் படைப்பார்கள். ஆம், மீன்தான், சைவப் படையல் என்று நினைத்துவிடாதீர்கள்.

18ஆம் நூற்றாண்டில் மன்னர் பாம்ஹைபா வைணவத்தைத் தழுவினார். பழைய தெய்வங்களின் கோயில்கள் இடிபட்டன, ஏடுகள் எரிந்தன. ஊர்க்கோயிலை இடிக்க ஆள் அனுப்பலாம். வீட்டுக்கு வீடு அடுப்பை அவிக்க எந்த அரசனால் முடியும்? வைணவரான குடும்பங்களிலும் சனாமஹி மூலையும் புங்கா வழிபாடும் நின்றுபோகவில்லை.

அடுப்படித் தெய்வம் என்றதும், பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைக்கும் ஏற்பாடு என்று சிலர் முடிவுகட்டுவார்கள். அவர்கள் இம்பாலின் இமா கெய்தேலுக்கு, அதாவது தாய்மார் சந்தைக்கு, ஒருமுறை போய்வரட்டும். கடை போடுவோர் அத்தனை பேரும் பெண்கள். ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து மீனும் கீரையும் துணியும் விற்கிறார்கள்.

1939இல் ஊருக்குள் அரிசிக்குத் தட்டுப்பாடு, ஆலைகளோ அதை வெளியூருக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. டிசம்பர் 12 அன்று பெண்கள் திரண்டு, மன்னரின் ஆட்சிக்குழுவான தர்பாரின் தலைவராக இருந்த வெள்ளைக்கார அதிகாரியைத் தந்தி அலுவலகத்திலேயே மறித்து நிறுத்தினார்கள். ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லி, வெளியூர் போயிருந்த மகாராஜாவுக்குத் தந்தி கொடு என்பது கோரிக்கை. துருப்புகள் வந்தன, துப்பாக்கி முனைக் கத்தியால் குத்துப்பட்டும் அவர்கள் கலையவில்லை. பிறகு நெடுநாள் சந்தையையே புறக்கணித்தார்கள். நூபி லான், அதாவது பெண்கள் போர் என்று மணிப்பூர் அதை இன்றும் நினைவுகூர்கிறது.

இன்று அந்தச் சந்தையில் மூன்று பெரிய கட்டடங்கள். ஒன்றுக்கு லைமரேல் சிதபியின் பெயர், ஒன்றுக்கு இமோய்னுவின் பெயர். மூன்றாவது ஃபௌஓய்பி, நெல்லுக்கு உரிய தெய்வம்.

நன்றி, வணக்கம்.