காயத்துக்கு இல்ல, கத்திக்கு மருந்து

வணக்கம் மக்களே. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுல, வெட்டு விழுந்தா காயத்தை விட்டுட்டு வெட்டின கத்திக்கு மருந்து போட்டவங்க இருந்தாங்க. ஆயுதக் களிம்பு. இதுக்காகப் பாதிரிகளும் வைத்தியர்களும் போட்ட சண்டைதான் இன்னைக்கு.

முதல்ல செய்முறை, இத்தாலிக்காரர் டெல்லா போர்ட்டா எழுதினபடி. புதைக்காம கிடந்த மண்டையோட்டுல முளைச்ச பாசி 2 அவுன்ஸ், மனுஷக் கொழுப்பு 2 அவுன்ஸ், மம்மியும் மனுஷ ரத்தமும் அரை அரை அவுன்ஸ். மம்மின்னா பதப்படுத்தின பொணத்துத் தூள், அப்போ மருந்துக்கடைச் சரக்கு! ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், ஆர்மீனியச் செம்மண் ஒவ்வொண்ணும் 1 அவுன்ஸ். எல்லாத்தையும் இடிச்சு, நீளமான ஒடுக்கக் குப்பியில அடைச்சு, ரத்தம் ஒட்டின ஆயுதத்தை அதுக்குள்ள முக்கி விட்டுடணும்.

காயத்துக்கு? காலையில அவங்கவங்க மூத்திரத்தால கழுவி, வேற எதையும் தடவாம கட்டணும். ரகசியமே இந்த இடத்துலதான். கண்ட களிம்பையும் பூசிக் கிளறாம விட்டதால சாதாரண வெட்டு தானா ஆறுச்சு. நரம்பு, ரத்தக்குழாய், முக்கிய உறுப்பு வெட்டுப்பட்டா பலிக்காதுன்னு ஆதரவாளர்களே ஒதுங்கிக்கிட்டாங்க.

ஆனா சூடான வாதம் எல்லாம் குணமாக்குறது யாருங்கறதுலதான். 1608ல மார்பர்க் பேராசிரியர் கோக்லேனியஸ், காந்தம் மாதிரி இயற்கை ஈர்ப்புன்னார். ஏசு சபைக்காரர் ராபர்ட்டி, இல்ல, சாத்தான் வேலைன்னார்.

இங்கிலாந்துல ஹெட்ஜர்லி ஊர்ப் பாதிரி வில்லியம் ஃபாஸ்டர், 1631ல அதே பக்கம். அவர் வாதம் லேசுப்பட்டது இல்ல: இயற்கைப் பொருள் எதுவும் ஒண்ணு தொட்டு வேலை செய்யணும், இல்லன்னா தன் சக்தி எட்டுற எல்லைக்குள்ள செய்யணும். களிம்பு ஓர் ஊர்ல, ஆள் வேற ஊர்ல. எல்லை தாண்டியாச்சு. அப்போ பேய்தான். தன் புத்தகத்தோட முகப்புத் தாளை, களிம்பை ஆதரிச்ச டாக்டர் ராபர்ட் ஃப்ளட் வீட்டுக் கதவுலயே ஆணியடிச்சுட்டுப் போனார்! ஃப்ளட் அதே வருஷம் பதில் புத்தகம் போட்டார்: கத்தியில ஒட்டின ரத்தத்துக்கும் உடம்புல ஓடுற ரத்தத்துக்கும் உயிர் ஒண்ணுதான், அதான் இழுக்குது.

பெல்ஜியம் பக்கம் வைத்தியர் வான் ஹெல்மான்ட்டுக்குத்தான் வசமா மாட்டுச்சு. 1621ல பாரிஸ்ல அச்சான நூல்ல களிம்பு இயற்கைதான்னு சொன்னதோட நிக்கல, திருச்சபை அற்புதம்னு சொன்ன புனிதர்களோட எலும்புகளின் சக்தியையும் அதே காந்தக் கணக்குல சேர்த்துட்டார். விடுவாங்களா? 1625ல ஸ்பெயினோட மத விசாரணை மன்றம் அதுல 27 கூற்றுகளைக் கண்டிச்சது. 1634ல ஆளையே கைது பண்ணிட்டாங்க.