ஹென்றி ஃபோண்டாவின் மௌனம்

வணக்கம். இன்னும் கொஞ்ச நேரத்தில் '12 ஆங்ரி மென்' என்ற ஹாலிவுட் படம் பார்க்கப் போகிறோம், அதனால் கதையைச் சொல்லி உங்கள் சுவாரசியத்தைக் கெடுக்க மாட்டேன். அதன் நாயகன் ஹென்றி ஃபோண்டாவைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அதிலும் அவர் வீட்டைப் பற்றி. நடிகருடைய குடும்ப விவகாரம் நமக்கெதற்கு என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திரையில் எந்தக் குணத்துக்காக அவரைக் கொண்டாடுகிறோமோ, அந்தக் குணத்துக்கு விலை கொடுத்தது அவர் பிள்ளைகள் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1905-இல் பிறந்தவர். அப்பாவுக்கு அங்கே ஒமாஹா நகரில் அச்சகம். 1919 செப்டம்பரில், பையனுக்கு 14 வயது, வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் நீதிமன்றத்திலிருந்து இழுத்து வந்து கொன்றது. அதை அச்சகத்து ஜன்னல் வழியாக மகனைப் பார்க்க வைத்தார் அப்பா. பிறகு அச்சகத்தைப் பூட்டிவிட்டு இருவரும் வீடு திரும்பினார்கள். வழியில் பேச்சே இல்லை. அப்பா அறிவுரை எதுவும் சொல்லவில்லை, பையன் அதைச் சாகும்வரை மறக்கவில்லை. 1943-இல் கும்பல் கொலையைப் பற்றிய 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' படத்தில் தூக்கிலிடப்பட்டவனின் கடிதத்தை அவர் வாசிப்பார் பாருங்கள், குரலே உயராது. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சமாவது கண்ணீர் விட்டு நடித்திருப்பார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். மொத்தம் ஐந்து கல்யாணம். முதல் மனைவி நடிகை மார்கரெட் சல்லவன், அது சீக்கிரமே முடிந்தது. 1936-இல் ஃபிரான்செஸ் சீமோரை மணந்தார், ஜேன், பீட்டர் இருவரும் அவர்களுடைய பிள்ளைகள். போர்க் காலத்தில் கடற்படைக்குப் போய்த் திரும்பியவர், 1948-இல் 'மிஸ்டர் ராபர்ட்ஸ்' நாடகத்துக்காக நியூயார்க் மேடை ஏறினார், ஓகோவென்று ஓடியது. வீட்டில் நிலைமை வேறு. மனைவிக்கு மனநலம் குலைந்திருந்தது, அந்த நேரத்தில்தான் இவர் விவாகரத்து கேட்டார். 1950 ஏப்ரல் 14, தன்னுடைய 42 வயதில், சிகிச்சை பெற்றுவந்த இடத்திலேயே ஃபிரான்செஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அன்று இரவு ஃபோண்டா மேடையேறி நடித்தார். இதைத் தொழில் பக்தி என்று புகழ்கிறவர்களும் உண்டு, கல்நெஞ்சம் என்று திட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை, அந்த வீட்டுக்குப் போய் என்ன செய்வது, யாரிடம் என்ன பேசுவது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அடுத்து நடந்ததை என்னால் அவ்வளவு சுலபமாக விட முடியவில்லை. பிள்ளைகளிடம் அம்மா மாரடைப்பில் போய்விட்டாள் என்றார்கள். 12 வயது ஜேனுக்கு உண்மை தெரியவந்தது பள்ளியில் கைமாறிய ஒரு சினிமாப் பத்திரிகையிலிருந்து! பீட்டருக்குத் தெரிய இன்னும் சில வருடங்கள் ஆயின. அந்த வருடக் கடைசியிலேயே அப்பா அடுத்த கல்யாணம் செய்துகொண்டார். அவர் தேனிலவில் இருந்தபோது பீட்டர் கைத்துப்பாக்கி தவறி வெடித்து வயிற்றில் காயமாகிச் சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்தான். பையனுக்கு அப்போது பத்து வயது.

பிள்ளைகள் இருவரும் நடிக்க வந்தார்கள், பெயர் வாங்கினார்கள். 1969-இல் பீட்டரின் 'ஈஸி ரைடர்'. ஜேனுக்கு இரண்டு ஆஸ்கர். வியட்நாம் போரை எதிர்த்து 1972-இல் வட வியட்நாமின் தலைநகரான ஹனோய்க்கே போனார் ஜேன். நடிப்புக்காக அப்பாவுக்கு அதுவரை ஆஸ்கர் கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அப்புறம்தான் 'ஆன் கோல்டன் பாண்ட்', 1981. அப்பாவுக்காக என்றே அந்த நாடகத்தின் உரிமையை வாங்கச் செய்தது ஜேன்தான். ஒட்டாத அப்பா, ஏங்குகிற மகள், கதையும் அதேதான். உங்களோடு சிநேகமாக இருக்க விரும்புகிறேன் என்று மகள் சொல்கிற இடத்தில், ஒத்திகையில் இல்லாத ஒரு காரியம் செய்தார் ஜேன்: அப்பாவின் கையைத் தொட்டார். திட்டமிடாத எதுவும் ஃபோண்டாவுக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதைக் கேமராவிடமிருந்து மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். 1982 மார்ச்சில் அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது, வயது 76. உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தார், ஜேன் போய் வாங்கி வந்தார். ஆகஸ்டில் காலமானார்.

அந்தப் படம் அப்பாவையும் மகளையும் சேர்த்துவைத்தது என்று எழுதுவார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். வேறொருவர் எழுதிக்கொடுத்த வசனம் கையில் இருந்தபோதுதான் அந்த இருவரால் அவ்வளவு நெருங்க முடிந்தது.

இன்றைய படம் 1957-இல் வந்தது, அவரே தயாரிப்பாளர்களில் ஒருவர், அவருக்குப் பணம் தேறவில்லை. 96 நிமிடம்தான். ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகளில் ஒருவர் இவர்; வாக்கெடுப்பின்போது மற்ற பதினொரு பேரும் ஒரு பக்கம் நிற்க, இவர் கத்தாமல் வாதாடுகிற விதத்தைக் கவனியுங்கள். விளக்கை அணைக்கச் சொல்லலாம்.