பஸ்ஸுக்கும் தரைக்கும் நடுவே: ஒரு வீல்சேர் கணக்கு

[திரையில்: நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையம். டவுன் பஸ் ஒன்றின் முன்வாசல் படிகள், அண்மைக் காட்சி.]

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளிகளும் உடன்வரும் துணையும் கட்டணமில்லாமல் போகலாம். நல்ல காரியம். ஆனால் வீல்சேரில் வருபவர் இந்தப் படிகளில் எப்படி ஏறுவார்?

பழைய வகை பஸ்ஸின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். லாரிக்குப் போடுகிற மாதிரியான சேஸிஸ் (அடிச்சட்டம்) மேலேயே பாடி கட்டுவதால் வரும் உயரம் அது. இரண்டு பேர் தூக்கினால்தான் ஏற முடியும். அப்புறம் வீல்சேரை யார் மடக்குவது, எங்கே வைப்பது, இறங்குகிற இடத்தில் தூக்க யார் இருப்பார்கள்? இதையெல்லாம் யோசித்துப் பார்ப்பவர்கள் ஆட்டோ பிடிக்கிறார்கள். காசு இல்லாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

[திரையில்: தாழ்தளப் பேருந்தின் பக்கவாட்டு வரைபடம். தளத்துக்கும் தரைக்கும் நடுவே "40 செ.மீ." என்ற அளவு.]

தாழ்தளப் பேருந்தில் வாசலருகே தளத்தின் உயரம் சுமார் 40 செ.மீ.தான். சென்னையில் 2024 ஆகஸ்டு முதல் இவை ஓடுகின்றன. நம் குமரி மாவட்டத்துக்கும் இதே பஸ் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கட்டடங்களில் சாய்தளத்துக்கு 1:12 என்று ஒரு அளவு உண்டு. ஒரு அடி ஏற, 12 அடி நீளம் வேண்டும். அப்படியென்றால் 40 செ.மீ. ஏற கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் பலகை தேவை. மார்த்தாண்டம் கடைத்தெருவில் ஐந்து மீட்டர் பலகையை யார் விரிக்கப் போகிறார்கள்? பஸ்ஸில் இருக்கும் மடக்குப் பலகையோ ஒரு மீட்டர் நீளம்தான்.

மீதியை எங்கே பிடிப்பது? பாகன் ஏறுவதற்கு யானை காலை மடக்கிக் கொடுப்பதுபோல இந்த பஸ்ஸும் வாசல் பக்கம் சாயும். சஸ்பென்ஷனில், அதாவது குலுக்கலைத் தாங்கும் காற்றுப் பைகளில், உள்ள காற்றை இறக்கினால் எட்டு செ.மீ. வரை குறையும். இப்போது 32. நிறுத்தத்தின் மேடை 20 செ.மீ. உயரம் இருந்தால், மிச்சம் 12 செ.மீ. ஒரு மீட்டர் பலகைக்கு இது சுமார் 1:8 சரிவு. கொஞ்சம் செங்குத்துதான், ஆனாலும் தூரம் குறைவு என்பதால் சமாளிக்கலாம். பின்னாலிருந்து ஒருவர் லேசாகக் கை கொடுத்தால் போதும்.

கவனியுங்கள், இந்த 40 செ.மீ.யில் பாதியை ஈடுகட்டியது நிறுத்தத்தின் மேடை. மேடை இல்லாமல் தார்ச்சாலையில் பலகையை விரித்தால் சரிவு 1:3. ஆளோடு சேர்ந்து வண்டி பின்னால் கவிழும்.

[திரையில்: மேலிருந்து பார்க்கும் படம். நிறுத்தத்தில் இரண்டு பைக், ஒரு ஆட்டோ. பஸ் நடுரோட்டில்.]

மேடை கட்டினாலும் ஓட்டுநர் அதை ஒட்டி நிறுத்த வேண்டுமே. நிறுத்தத்தில் பைக்கும் ஆட்டோவும் நின்றால் அவர் எங்கே ஒதுக்குவார்? இன்னொரு பயமும் உண்டு, விளிம்பில் உரசி டயர் கிழிந்துவிடும் என்று. ஜெர்மனியின் காசல் நகரில் இதற்காகவே ஒரு விளிம்புக்கல் உருவாக்கினார்கள். அதன் முகம் உட்பக்கமாக வளைந்திருக்கும். டயர் அதில் பட்டால் கிழியாது, வளைவே வழிகாட்டி வண்டியை நேராக நிறுத்திவிடும். ஓட்டுநருக்குப் பாடம் நடத்துவதைவிட இந்தக் கல் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரேசிலின் குரிச்சிபா நகரம் வேறு வழியில் போனது. பஸ்ஸின் தளத்தைத் தாழ்த்தவில்லை. 1991 முதல் குழாய் வடிவ நிறுத்தங்களைக் கட்டி, மேடையைத் தளத்தின் உயரத்துக்கே ஏற்றியது. தரையிலிருந்து மேடைக்கு வீல்சேர் போக லிஃப்ட். மேடையிலிருந்து பஸ்ஸுக்குள் சமதளம். நாகர்கோவில் வடசேரி மாதிரி பெரிய நிலையத்தில் ஒரு வரிசையை இப்படி உயர்த்தலாம். ஆனால் அங்கே ஏறியவர் வழியில் எங்கே இறங்குவார் என்பதற்கும் பதில் வேண்டும்.

"நம்ம ரோட்டுக்குத் தாழ்தள பஸ் சரிப்படாது, ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும்" என்பார்கள். தட்டும், உண்மை. ஆனால் சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதி சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம். வண்டி மெல்ல ஏறி இறங்கும். நம் ஊரில் போடுவது குறுகலாக, செங்குத்தாக நிற்கும் மேடு. அதில் ஸ்கூட்டரே தட்டுகிறது, பஸ்ஸை ஏன் குறை சொல்ல வேண்டும்? பேச்சிப்பாறை மாதிரி ஏற்ற இறக்க வழிக்கு லிஃப்ட் வைத்த உயரமான பஸ் பொருந்தும். லிஃப்டுக்கு நேரம் பிடிக்கும், பராமரிக்கவும் வேண்டும்.

[திரையில்: பஸ்ஸின் உட்புறம். வீல்சேர் இடம், 75 × 130 செ.மீ.]

உள்ளே வந்தாச்சு. வீல்சேருக்கு 75-க்கு 130 செ.மீ. இடம் வேண்டும். பல நாட்டு நகரப் பேருந்துகளில் பின்பக்கம் பார்த்து, முதுகுக்கு ஒரு மெத்தைப் பலகையில் சாய்ந்தபடி உட்கார வைக்கிறார்கள். திடீர் பிரேக் போட்டால் உடம்பு பலகையில்தான் அழுந்தும், முன்னால் தெறிக்காது. பெல்ட் மாட்டுகிற நேரமும் மிச்சம். கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பெல் பட்டனும் கட்டாயம். மேலே தொங்குகிற கயிறு யாருக்கு எட்டும்?

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. பலகையின் மேல்பரப்பு சொரசொரப்பாக இல்லாவிட்டால் ஈரத்தில் சக்கரம் வழுக்கும்.

[திரையில்: கன்னியாகுமரி படகுத்துறை.]

படகும் பொதுப் போக்குவரத்துதான். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறந்தார்கள். அங்கே போக முதலில் படகில் ஏற வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும்போது நிலையான மேடை உதவாது. தண்ணீரோடு சேர்ந்து உயரும் மிதவை மேடையும், கரையோடு கீல் போட்டுப் பிணைத்த நீண்ட சாய்பாலமும் வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், வாகனம் எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே கேட்கும்போது பஸ்ஸை மட்டும் கேட்க வேண்டாம். உங்கள் நிறுத்தத்துக்கு ஒரு டேப்போடு போங்கள். மேடை உயரம் எவ்வளவு, பஸ் எவ்வளவு தள்ளி நிற்கிறது, மேடைக்கு வரும் வழியில் ஓடை மூடிய சிலாப் உடைந்திருக்கிறதா, இந்த மூன்றையும் குறித்து, போட்டோ எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.