இந்தப் பென்னி பச்சையானது எப்படி?

வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த். தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது தாத்தாவின் பிஸ்கட் டப்பாவில் கிடந்த 1942 தென்னாப்பிரிக்கப் பென்னிக் காசு. முன்னால் ஆறாம் ஜார்ஜ், பின்னால் பாய்மரக் கப்பல். மன்னர் பக்கத்தைப் பாருங்கள். தேய்ந்த கன்னம் வெளிறியிருக்கிறது, எழுத்து இடுக்குகள் கறுத்திருக்கின்றன, மற்றதெல்லாம் சாக்லேட் பழுப்பு. பல கைகளில் புழங்கிய வெண்கலக் காசு இப்படித்தான் இருக்கும். காற்றுப் பட்டுச் செம்பு ஆக்சைடாகிறது, பள்ளத்தில் அழுக்கு தங்குகிறது. இதைத் தொடவே வேண்டாம்.

கப்பல் பக்கம்தான் வழக்கு. இதோ, ஓரத்தில் பச்சை. எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. பல்குத்தியால் லேசாகத் தள்ளினால் பிசுபிசுவென்று இழுபட்டால், பழைய மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்த பிசுக்காக இருக்கும். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் கரையும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். வெளிர் பச்சையாக, மாவு மாதிரி உதிர்ந்து, துடைத்தபின் திரும்ப வந்தால் அது குளோரைடு அரிப்பு. உப்புதான் காரணம். ஈரம் இருக்கும்வரை உள்ளே குழி பறித்துக்கொண்டே போகும். எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் காசை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

என்னுடையது இழுபடுகிறது. அப்பாடா, பிவிசி.

ஆனால் நடுவில் இந்த ரோஸ் நிறத் திட்டு? குற்றவாளி நான்தான்! பத்து வயதில், காவடிக்கு முந்தின நாள் ஆயா புளியும் உப்பும் போட்டுக் குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தார். மிச்சப் புளியில் நான் இதைத் தேய்த்தேன். புளியின் அமிலம் பழுப்பு ஆக்சைடைக் கரைத்து வெறும் செம்பை வெளியே கொண்டுவந்துவிட்டது. அது மறுபடி கறுக்கும்போது திட்டுத்திட்டாகத்தான் கறுக்கும். சேகரிப்பவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்கள்.

அப்புறம், 1990க்குப் பின் வந்த ஐந்து சென்ட் காசில் செம்மண் நிறத்தில் கறை இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டும். மேலே செம்பு முலாம், உள்ளே எஃகு. அது வெறும் துரு.

சரி, அசிட்டோன் பாட்டிலை எடுத்து வருகிறேன். ஜன்னலைத் திறக்க வேண்டும், மழை விடட்டும்.